பிரவுன் அட்டை

"அரே ஃப்ளோரா, உன் பொண்ணு லட்சணத்தைப் பாரு!" கட்கி ஃபேக்டரி குவார்ட்டர்ஸே அதிரும்படி கத்தினார் வால்டர்.

மகளின் அலமாரியில் பிரவுன் அட்டை போட்ட புத்தகம். லேபிளில் 'கெமிஸ்ட்ரி'. காலேஜில் கெமிஸ்ட்ரி படித்தவர் ஆசையாகப் பிரித்தால், உள்ளே இந்த அக்டோபரில் வந்த புது டீன்ஏஜ் காதல் நாவல்!

ஃப்ளோரா சமையலறையிலிருந்து ஓடி வந்தாள்.

"வேலைவெட்டி இல்லாததுங்க படிக்கிற குப்பை!" என்று புத்தகத்தை ஆட்டினார் வால்டர்.

அந்த நேரம் பார்த்து டியூஷன் முடிந்து வந்தாள் ஷெரின்.

"யாரு புக்குடி இது?"

அவள் புத்தகத்தைப் பார்த்தாள். அம்மாவின் வெளிறிய முகத்தைப் பார்த்தாள்.

"என்னோடதுதான்ப்பா. சாரி. எக்ஸாம் முடியிற வரைக்கும் தொடமாட்டேன்."

"ஃப்ளோரா, இதைப் பீரோவுல வச்சுப் பூட்டு. சாவி உன்கிட்டயே இருக்கட்டும்!"

வால்டரின் ஸ்கூட்டர் சத்தம் தெருமுனையில் தேய்ந்த பிறகுதான் ஃப்ளோராவுக்கு மூச்சே வந்தது. பூட்டிய பீரோவை மறுபடி திறந்தாள். நாவலை எடுத்து, தான் விட்ட பக்கத்தைத் தேடினாள்.

"தேங்க்ஸ்டி செல்லம். கடைசி சாப்டர்தான் பாக்கி."

"அடுத்த தடவை மேத்ஸ்னு லேபிள் ஒட்டும்மா," என்று சிரித்தாள் ஷெரின். "அப்பா அந்தப் பக்கமே வரமாட்டாரு!"