பின்னால் ஓடும் கடிகாரம்

ஆன்லைனில் மட்டும் சாஃப்ட்பால் வீசக் கற்றுத்தரும் கோச்சின் வீடியோக்களில் எண்களே இல்லாத ஒரு சுவர்க் கடிகாரம் தெரியும். அதன் நொடிமுள் பின்னால் ஓடுவதைக் கண்டுபிடித்தவள் மகள்தான்.

“அவரு வீட்ல நேரம் திரும்பிப் போகுதுப்பா.”

திரையில் கோச்சின் வலது கை ராட்டினமாகச் சுழன்று சாஃப்ட்பாலை விட்டது. பந்து கனவில் போவதுபோல் மிதந்து போனது.

“அப்போ நாமளும் அங்கே போயிடலாம். நீ கீழே விழறதுக்கு முந்தின நாளுக்கு,” என்றார் அப்பா.

அவள் சிரிக்கவில்லை. மாவுக்கட்டு பிரித்தாயிற்று. ஆனால் அந்த வலது முழங்கையால் இனி பந்து வீச முடியாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

‘இனிமே நான் வீச மாட்டேன் சார்’ என்று கோச்சுக்குச் செய்தி அனுப்பினாள். உடனே வீடியோ கால் வந்தது.

அதே அறை, அதே கடிகாரம். ஆனால் முள் ஒழுங்காக முன்னால் ஓடியது. பந்து கோச்சின் இடது கையில் இருந்தது.

“சார், நீங்க வலது கைதானே?”

“ஒரு காலத்துல. இப்ப வீடியோவை இடவலமா திருப்பிப் போடறேன். உங்களை மாதிரி வலது கைப் பிள்ளைங்க பார்த்துப் பழகணுமில்ல?”

மறு கையிலிருந்த க்ளவ்வை மெல்லக் கழற்றினார். உள்ளே இருந்தது ரப்பர் கை.

“திருப்பிப் பார்த்தா, போன கை வந்துட்ட மாதிரி எனக்கும் இருக்கும்மா.”

அவள் மேஜையிலிருந்த பந்தை இடது கையில் எடுத்தாள். அது புதிதாகக் கனத்தது.

கோச் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“உனக்கு மட்டும் இனிமே திருப்பாம அனுப்பறேன்.”