சனி எங்கே ஓடப்போகுது?

"சனிக்கிரகம் எங்கயும் ஓடிடாது ரோஸ்லின், வந்து சாப்பிடு!" உள்ளறையிலிருந்து கத்தினான் கணவன் செபஸ்தியான்.

"இருங்க, வர்றேன்."

காலையிலிருந்து அவள் லேப்டாப்பை விட்டு நகரவில்லை. வீடியோவிலிருந்து ஓரளவு தெளிவான படங்களைப் பொறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கூர்மையாக்கினாள். மங்கல் போகவில்லை. மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினாள்.

"அந்த டெலஸ்கோப்பத் தூக்கிப் போடறேன் பாரு! எத்தினி வாட்டி அதையே பண்ணிக்கினு இருப்பே?"

"தெரியிற வரைக்கும்."

கடைசியில் தெரிந்தது. மாவுக்கட்டுப் போட்ட காலோடு படுத்திருந்தவனிடம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

"இது சனி இல்லீங்க, பெட்ரோல் பங்க் கேமரா வீடியோ. சனி படத்துக்குப் பண்ற மாதிரியே இதையும் அடுக்கிப் பாத்தேன். திண்டிவனம் பைபாஸ்ல உங்கள இடிச்சிட்டு ஓடிச்சே, அந்த வேன். நம்பர் தெரியலன்னு ஸ்டேஷன்ல விட்டுட்டாங்கல்ல? இப்ப படிங்க!"

செபஸ்தியான் தடுமாறாமல் படித்தான்.

"நீங்க சாப்பிடுங்க. நான் ஸ்டேஷன் போய்ட்டு வர்றேன்."