‘டூ’ என்றொரு பிழை

வாய் திறந்து பேசுவதற்கு ஸ்டுட்கார்ட்டில் விலை மாதம் இருநூறு யூரோ. அந்த ஜெர்மன் வகுப்புக்குத் தன் வீட்டிலிருந்து ஒருவரை அனுப்பிக் கட்டணம் கட்டுகிற மிதுசா, திருத்திய தாளை ஆசிரியை சுலோஜனாவின் மேசையில் போட்டாள்.

“படிக்க விட்டால், இணையத்திலை பதிவு போடப் பழக்கிறியளோ அக்கா?”

“ஒரு நாளைக்கு ரெண்டு வரி. அதுதான் வீட்டுப்பாடம்.”

“நேற்றைய ரெண்டு வரியிலை ஏழு பிழை எண்டு நீங்களே போட்டிருக்கிறியள். அதிலையும் ஒரு உணவகத்து வயசான முதலாளியை ‘நீங்கள்’ எண்டு எழுதாமல் ‘டூ’, நீ எண்டு! ஊரே வாசிக்குது. போனைப் பறிச்சு வைச்சிட்டன். இனிக் கொப்பியிலை எழுதினால் காணும்.”

“கொப்பியை நான் மட்டும்தானே வாசிப்பன்?”

“அது போதும், காணும்.”

“காணாது பிள்ளை,” என்றபடி மாணவர் உள்ளே வந்தார். மிதுசாவின் அப்பா நித்தியானந்தன். “அந்தாளின்ரை குசினியிலை முப்பது வருசம் கோப்பை கழுவினனான். ஒரு நாளும் என்னை ‘நீங்கள்’ எண்டு கூப்பிடேல்லை. தெரிஞ்சுதான் ‘டூ’ போட்டனான். அந்தாளும் வாசிக்கட்டும். தா போனை.”

மிதுசா போனைக் கொடுத்தாள். சுலோஜனா சிவப்புப் பேனாவை எடுத்தாள். தாளில் இருந்த 7-ஐ வெட்டி, 6 என்று எழுதினாள்.