கரி படிந்த பிளக்குகள்

"தோத்துடுவீங்களா மாமா?"

பின்சீட்டில், அப்பாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, சிறுமியாக இருந்தபோது அவள் கேட்டது.

ஆனைகட்டி மலைப்பாதையில் அன்று கார்ப் பந்தயம். வளைவில் நின்று வேடிக்கை பார்த்த அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். கார்கள் சீறிக்கொண்டு போயின.

சிவப்புக் கார் மட்டும் நின்றது.

ஓட்டியவர் பக்கத்திலிருந்த கூட்டாளியைச் சாலையிலேயே இறக்கிவிட்டார். அப்பாவையும் அவளையும் ஏற்றிக்கொண்டார்.

"தோத்தாப் போகுது கண்ணு. அப்பா தலைய ஆடாமப் புடிச்சுக்க."

முன்கண்ணாடியில் 'எபெனேசர்' என்று எழுதியிருந்தது. உள்ளிருந்து பார்க்கையில் எழுத்துகள் திரும்பித் தெரிந்தன. மருத்துவமனை வரும்வரை அவற்றையே எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தாள்.

இப்போது அவள் மெக்கானிக்.

பழைய கார் ஒன்று, நெடுநாள் ஓட்டாமல் நிற்கிறது என்று காலையில் போன் வந்தது. அந்த வீட்டு ஷெட்டைத் திறந்ததும் அந்த எழுத்துகள்தான் கண்ணில் பட்டன.

சற்று நேரம் கருவிப்பையைக் கீழே வைக்காமல் நின்றாள்.

பிறகு ஸ்டார்ட் செய்தாள். சீராக ஓடவில்லை. இஞ்சின் குலுங்கியது, திணறியது, அணைந்தது.

வீட்டுக்குள்ளிருந்து ஓர் ஆண் குரல்.

"மெர்சி, கேட்டியா? இஞ்சின் போச்சு. பழைய இரும்புக்காரனை வரச் சொல்லிரு."

தேவநேசன். அன்று அந்தக் காரை ஓட்டியவர். நீண்ட நாள் நோயில் கிடந்தபின் இப்போதுதான் எழுந்து நடக்கிறார். ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாளை மனைவியைக் கோயிலுக்கு இந்தக் காரில்தான் கூட்டிப்போவதாக இருந்தார்.

மெர்சி அம்மா ஷெட்டின் வாசலில் முந்தானையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"நல்லாத்தானே வெச்சிருந்தேன் கண்ணு. ஞாயித்துக்கிழமையானா சோக்கை இழுத்து ஸ்டார்ட் பண்ணுவேன். ஸ்டீயரிங் மேல கை வெச்சு அவருக்காக ஒரு ஜெபம். ஆமென் சொன்னதும் ஆஃப் பண்ணிருவேன். பெட்ரோல் வீணாகக் கூடாதில்ல?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"கொஞ்சம் காப்பி கிடைக்குமாங்கம்மா?"

அவர் உள்ளே போனார்.

மறுபடி ஸ்டார்ட் செய்து, ஆக்சிலேட்டர் திருகைச் சற்றுக் கூட்டி, அணையாமல் ஓடவிட்டாள். பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டிப் பார்த்தாள். முதலாவதைக் கழற்றியபோது இஞ்சின் தடுமாறியது. அடுத்ததைக் கழற்றியபோது எந்த மாற்றமும் இல்லை. அந்தப் பிளக் வேலை செய்யவே இல்லை. அதற்கடுத்ததும் அப்படியே.

நான்கு பிளக்குகளையும் வெளியே எடுத்தாள்.

அடுப்புக்கரி போல் கறுத்திருந்தன.

பெட்ரோலைக் கூட்டிவிடும் சோக்கை இழுத்து, இஞ்சின் சூடேறுமுன் அணைத்து, வாராவாரம். எரியாத பெட்ரோல் கரியாகப் படிந்துவிட்டது. ஒவ்வொரு ஜெபமும் ஒரு படலம்.

தேவநேசன் பந்தயக்காரர். இவற்றை ஒருமுறை பார்த்தால் போதும், எல்லாம் விளங்கிவிடும்.

புதிய பிளக்குகளை மாட்டினாள். கார்புரேட்டரைச் சுத்தம் செய்தாள். சாவியைத் திருப்பினாள்.

இருமல் ஒன்று. பிறகு சீரான முழக்கம்.

மெர்சி அம்மா டம்ளருடன் ஓடிவந்தார்.

"பிளக்தாங்கம்மா. மாத்திட்டேன்."

"நான் ஏதாச்சும் தப்பா…"

"நீங்க ஸ்டார்ட் பண்ணி வெக்கலைன்னா இஞ்சின் இறுகியே போயிருக்குமுங்க."

அது உண்மைதான். மீதி உண்மை வேஸ்ட் துணிக்குள் சுற்றப்பட்டு, அவள் பையின் அடியில் இருந்தது.

"இனிமே ஷெட்டுல வேண்டாங்கம்மா. ஐயாவ ரோட்டுல நல்லா ஓட்டச் சொல்லுங்க."

தேவநேசன் தடியூன்றி வந்தார். பானெட் மேல் உள்ளங்கையை வைத்து, கண்மூடி இஞ்சின் சத்தத்தைக் கேட்டார்.

"என்ன மெர்சி, உன் ஜெபம் கார்புரேட்டர் வரைக்கும் போயிருக்கறாட்ட இருக்குது!"

"சும்மா இருங்க. புள்ள முன்னாடி."

மெர்சி அம்மா சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

புறப்படுகையில் அவளுக்குச் சொல்ல நிறைய இருந்தது. சொன்னால் அவர் இன்றைய வேலையைக் கைம்மாறாக எண்ணிவிடுவார். அன்று அவர் செய்தது இவ்வளவு சிறியதல்ல.

ஒன்றே ஒன்று மட்டும் சொன்னாள்.

"எங்கப்பா நல்லா இருக்காருங்க ஐயா."

அவருக்கு விளங்கவில்லை. ஆனாலும் முகம் மலர்ந்தது.

"ரொம்பச் சந்தோஷம் கண்ணு. நான் கேட்டதாச் சொல்லு."

தெருமுனை தாண்டி, வெகுதூரம் வந்தபின், வாகனமில்லாத ஓரிடத்தில் ஸ்கூட்டரை நிறுத்தினாள்.

பையிலிருந்து துணியை எடுத்துப் பிரித்தாள். சாலையோரக் குப்பைத்தொட்டிக்கு மேல் ஒவ்வொரு பிளக்காகப் பிடித்தாள்.

ஜெபம் படிந்தவற்றைப் போட மனம் வரவில்லை.

இரும்புத் தூரிகையை எடுத்து, வெயிலில் உட்கார்ந்து, பொறுமையாகத் தேய்க்கத் தொடங்கினாள்.