யாற்றை மகன்?

ஹம்பர்க்கிலிருந்து வந்த பேருந்து டென்மார்க் எல்லையில் நிற்கிறது. வைப்பர் மழையை வழித்துக்கொண்டே இருக்கிறது. உள்ளே ஏறிய எல்லைப் பொலிஸ்காரி சாரங்கியின் கையில், இருக்கையில் இருக்கும் ஓர் இளைஞன் நீட்டிய வதிவிட அட்டை: கஜதீபன் பாலேந்திரா. படத்தில் இருப்பது ஏறக்குறைய அவன்தான். தமிழ் முகத்தைக் கண்டதும், வீட்டுக்கு வருபவர்களை அம்மா விசாரிப்பதுபோல, "தம்பி, நீங்கள் யாற்றை மகன்?" என்று பழக்கதோஷத்தில் கேட்டுவிடுகிறாள். அவன் முகம் மலர்கிறது. மடியில் இறுகியிருந்த கைகள் தளர்கின்றன. "சிவஞானம் மாஸ்டற்றை கடைசி மகன், அக்கா. ஊரிலை அப்பாவைத் தெரியாத ஆக்கள் இல்லை." அட்டையில் தகப்பன் பெயராக நிற்கும் பாலேந்திராவின் மேல் அவள் பெருவிரல் அசையாமல் கிடக்கிறது. "என்ன சொல்கிறான்?" பின்னால் நிற்கும் சக பொலிஸ்காரர் டேனிஷில் கேட்கிறார். இளைஞன் அக்காவைப் பார்த்து இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறான்.