சாத்தியே கிடந்த ஜன்னல்

"உங்க கண்ணாலயே பாருங்க மேடம். இந்தப் புழுக்கத்துல ஒரு ஜன்னலாவது திறந்திருக்கா?"

குழந்தைகள் காப்பக மேடத்தைக் கையோடு கூட்டி வந்திருந்தாள் அவள். அதிர்ந்து பேசத் தெரியாதவள்தான். அங்கே விட்டுவிட்டு வேலைக்குப் போகிற மகளின் இருமல் அவளைப் பேச வைத்திருந்தது.

உள்ளே குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தன. எல்லாப் பாயும் ஜன்னல் பக்கத்தை விட்டுத் தள்ளி, வாசலை ஒட்டி நெருக்கிப் போட்டிருந்தது. காப்பக அக்கா நடுவில் உட்கார்ந்து ஒரு அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, ஜன்னலை ஏன் சாத்தி வெச்சிருக்க?" மேடம் கேட்டார்.

அக்கா அவசரமாக எழுந்தாள். "சும்மாதான் மேடம். சாத்தியே இருக்கட்டும்."

"சும்மாவா?" அவளுக்கு ஆத்திரம் வந்தது. "திறந்து வெச்சா பிள்ளைங்க வேடிக்கை பாத்துக்கிட்டுத் தூங்காது. அப்புறம் நீங்க கண்ணசர முடியாது. அதானே அக்கா?"

அக்கா என்னவோ சொல்ல வாயெடுத்தாள். மேடத்தைப் பார்த்தாள். வந்த பேச்சை விழுங்கிவிட்டாள்.

"எப்ப இருந்து ஜன்னலைச் சாத்துறாங்களோ, அப்ப இருந்துதான் மேடம் பாப்பாவுக்கு இருமல். ராத்திரி பூரா தூங்க மாட்டேங்குது."

"இங்க பாரும்மா," மேடம் அக்காவிடம் திரும்பினார். "உனக்கு இந்த வேலைதான் சோறுன்னு எனக்குத் தெரியும். ஆனா பிள்ளைங்க உடம்புன்னு வந்தா நான் தயவு பார்க்க மாட்டேன். காரணத்தைச் சொல்லு. இல்லன்னா நாளையிலிருந்து வேற ஆள்."

அக்கா குனிந்து, கையிலிருந்த அட்டையால் பக்கத்துக் குழந்தைக்கு விசிறினாள்.

"நான் ஒண்ணும் தெரியாமப் பேசல மேடம்," என்றாள் அவள். "கெட்ட காத்து அடைஞ்சு நின்னா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். என் வேலையே அதுதான்."

உண்மைதான். காப்பகம் இருக்கிற அதே கட்டடத்தில், பின்பக்கப் படியேறிப் போனால் ஆய்வுக்கூடம். அங்கே உதவியாளாகச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. கண்ணாடிப் பாத்திரத்துக்குள் இருக்கிற காற்றை உறிஞ்சி எடுக்கிற எண்ணெய் பம்பு ஒன்று அவள் பொறுப்பு. தலைக்குத் தொப்பி, கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு முகமூடி என்று அவள் நிற்கிற கோலத்தைப் பார்த்தால் பெற்ற மகளே பயந்து அழுவாள்.

"இதைக் கைக்குழந்தை மாதிரிப் பாத்துக்கணும்," என்று லேப் சார் முதல் நாளே சொல்லிக் கொடுத்தார். "எண்ணெய் இந்தக் கோட்டுக்குக் கீழ இறங்கக் கூடாது. பால் மாதிரி வெளுத்துப் போச்சுன்னா மாத்திடணும். நிறுத்தும்போது காத்தை உள்ள விட்டுட்டுத்தான் நிறுத்தணும். மறந்தா எண்ணெய் எதுக்களிச்சு மேல வந்துடும்."

"ஏப்பம் விட வெச்சுட்டுப் படுக்க வைக்கிற மாதிரியா சார்?"

சார் சிரித்துவிட்டார். "அதேதான். பொழைச்சுக்குவ."

போன வாரம், பம்பு கக்குகிற எண்ணெய்ப் புகையை வடிகட்டுகிற பில்டர் கெட்டுப் போய்விட்டது.

"புதுசுக்குச் சொல்லியிருக்கேன். அதுவரைக்கும் இந்த எண்ணெய்ப் புகை ரூமுக்குள்ள நிக்கக் கூடாது. நெஞ்சுக்கு ஆகாது. குழாயை வெளியே விட்டுடு," என்றார் சார்.

அவர் டீ குடித்துவிட்டு வருவதற்குள், குழாயை ஜன்னல் வழியாக வெளியே விட்டு, ஆடாமல் கம்பியோடு சேர்த்துக் கட்டிவிட்டாள். கட்டக் கயிறு கிடைக்கவில்லை. வாத்துப் படம் போட்ட, மகளின் கிழிந்த கவுன் கைதுடைக்கிற துணியாகப் பையில் கிடந்தது. அதில் ஒரு பட்டி கிழித்துக்கொண்டாள்.

"அட, சொல்லி வாய் மூடல, செஞ்சுட்டியே!" என்று சார் பாராட்டினார். அன்றைக்குப் பூராவும் அவளுக்கு அந்தச் சந்தோஷம் இருந்தது.

"கெட்ட காத்தை வெளியே அனுப்பிடணும் மேடம். அதுதான் முறை," என்று சொல்லிக்கொண்டே இப்போது அவள் ஜன்னலை நோக்கி நடந்தாள்.

"வேண்டாம்மா!" அக்கா குறுக்கே வந்தாள்.

"நகருங்க அக்கா!"

கொக்கியை எடுத்து ஜன்னலைத் தள்ளினாள்.

காற்று வரவில்லை. சூடான எண்ணெய் வாடைதான் முகத்தில் அடித்தது. மேலே எங்கோ டபடபவென்று ஒரு சத்தம். தூக்கத்தில் எழுப்பினாலும் அவளுக்கு அடையாளம் தெரிகிற சத்தம்.

"ஐயையோ, என்ன நாத்தம் இது!" மேடம் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

மகள் விழித்துவிட்டாள். இருமிக்கொண்டே ஓடிவந்து அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு, மேலே குழாயைக் கட்டியிருந்த துணியைக் கை காட்டினாள்.

"வாத்து!"

"ஆமாண்டா கண்ணு, வாத்து," என்று அக்கா அவளைத் தூக்கிக்கொண்டு சட்டென்று ஜன்னலைச் சாத்தினாள்.

"யாரு இப்படிக் குழாயைத் தொங்க விட்டது?" மேடம் கொதித்தார். "நீ ஏன் என்கிட்ட சொல்லல? நான் இப்பவே மேல போறேன். செஞ்ச ஆளை இன்னைக்கே வெளிய அனுப்ப வைக்கலைன்னா பாரு!"

"இதுக்குத்தான் மேடம் சொல்லல." அக்கா கெஞ்சுகிற குரலில் சொன்னாள். "சண்டை போடலாம்னுதான் அன்னைக்கே படியேறிப் போனேன். யாரோ ஒரு பொண்ணு, மூஞ்சி பூரா மூடிக்கிட்டு எண்ணெய் ஊத்திக்கிட்டிருந்துச்சு. புதுசாம். வேலை இன்னும் உறுதி ஆகலயாம். வாட்ச்மேன் அண்ணன் சொன்னாரு. ரெண்டு நாள்ல வேற பில்டர் வந்துடும்னாரு, சரி, அதுவரைக்கும் ஜன்னலைச் சாத்திக்கலாம்னு இறங்கி வந்துட்டேன். அது என்னடான்னா இழுத்துக்கிட்டே போகுது."

மேடம் வாசல் பக்கம் திரும்பினார். அவள் தன் பையில் துருத்திக்கொண்டிருந்த கிழிந்த கவுனை உள்ளே திணித்தாள்.

அக்கா, இடுப்பில் இருந்த குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டே அவள் பக்கம் திரும்பினாள்.

"அதுக்கும் நம்ம பாப்பா மாதிரி ஒரு குழந்தை இருக்காம். நீங்களாச்சும் மேடத்துக்குச் சொல்லுங்கம்மா, ஒரு பிள்ளைக்காரி வயித்துல அடிக்கலாமா?"