குரைப்பதற்குக் கூலி

நாயின் ஒரு வயது மனிதரின் ஏழு வயதுக்குச் சமம் என்று, பட்டம் வாங்கியவர்கள்கூட நம்புகிறார்கள். வன்மையாகக் கண்டிக்கத்தக்க பிழை இது. அந்தக் கணக்குப்படி பத்து மாத நாய், பலகையும் பல்பமுமாக ஒன்றாம் வகுப்பில் இருக்க வேண்டும். உண்மையில் அதற்கு மீசை அரும்பும் வயது. கூப்பிட்டால் வராது, கூப்பிடாவிட்டால் வரும்.

முதல் மாடி வீட்டு நாய் வக்கீலுக்கு அந்த வயதுதான். எதற்கும் எதிர்வாதம் செய்ததால் வந்த பெயர். செருப்பைக் கடிப்பது, வந்தவர் மேல் தாவுவது எல்லாம் வீட்டோடு போயிற்று. வெளியே போனது ஒன்றுதான். தினமும் மாலை ஐந்து மணிக்குப் பின்பக்க பால்கனியில் நின்று, எதிர் பால்கனியைப் பார்த்துக் குரைத்தது.

எதிர் பால்கனி, குடியிருப்போர் சங்கச் செயலாளருடையது.

அவர் ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர், தனிக்கட்டை. ஆறு கடிதம் எழுதிவிட்டார். ஆறாவதில், 'மேற்படி நாய் என்னைக் கண்டாலே குரைக்கிறது' என்று அடிக்கோடிட்டிருந்தார். நகல், தலைவருக்கு. வரும் ஞாயிறு சங்கக் கூட்டம். ஒன்பதாவது பொருள்: நாயை வெளியேற்றுதல்.

வீட்டுக்காரிக்கு அந்த அறிவிப்பைப் பார்த்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. அவள் செவிலி. மருத்துவமனை வண்டி நிறுத்தத்தில் உள்ளங்கை அளவுக்குக் கிடந்ததைத் தூக்கி வந்தவள் அவள்தான்.

திங்கட்கிழமை, நாய்களைப் பழக்கும் பயிற்சிக்காரம்மா வந்தார். ஒரு மணி நேரம் வக்கீலைப் பார்த்தார். பிறகு வக்கீலை விட்டுவிட்டு வீட்டுக்காரி, அவள் புருஷன், அவள் தம்பி மூவரையும் பார்த்தார்.

"நாய் சும்மா குரைக்காது. குரைச்சா ஏதோ கிடைக்குதுன்னு அதுக்குத் தெரியும். யாரோ கூலி கொடுக்கறீங்க."

புருஷன் உடனே மச்சானைப் பார்த்தான். வீட்டிலிருந்தே கணினி வேலை பார்க்கும் மச்சான், தன் அக்காவைப் பார்த்தான். பிறகு விசாரணை நடந்தது. காலையில் ரொட்டி ஓரம் கொடுத்ததைப் புருஷன் ஒப்புக்கொண்டான். மச்சான் மதியத்தில் மிக்சர் கொடுத்திருந்தான்.

"உங்களாலதாங்க போகப்போகுது அது," என்றாள் அவள்.

"அக்கா, குளியலறையில கதவைச் சாத்திக்கிட்டு ஆம்லெட் கொடுத்தது யாரு?"

அவள் வக்கீலின் தட்டைக் கழுவப் போனாள்.

அன்றே எல்லாம் நின்றது. தட்டிலிருந்து ஒரு பருக்கைகூட வக்கீலுக்குப் போகவில்லை. ஆனால் செவ்வாய் ஐந்து மணிக்குக் குரைப்பு. புதனும் குரைப்பு. புருஷன் தான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையிலிருந்து தினமும் ஐந்தே காலுக்குத் தொலைபேசியில் கேட்பான். மச்சான் பேசாமல் போனை பால்கனிப் பக்கம் நீட்டுவான்.

பயிற்சிக்காரம்மாவே குழம்பிப்போனார். வியாழனிலிருந்து நாலரைக்கே பால்கனிக் கதவைப் பூட்டி, வக்கீலை முன்னறையில் வைத்துக்கொள்ளச் சொன்னார். முதல் நாள் கதவைப் பிறாண்டியது. மறுநாள் முனகியது. சனிக்கிழமை ஐந்து மணிக்குத் தூங்கிக்கொண்டிருந்தது.

வீட்டுக்காரி மட்டும் உட்காரவில்லை. அது கொட்டாவி விட்டால்கூட ஓடிவந்து வாயைப் பொத்தினாள்.

ஐந்தே முக்காலுக்கு அழைப்பு மணி அடித்தது.

கதவுத் துளையில் பார்த்த புருஷன், "செயலாளர்," என்று உதட்டை மட்டும் அசைத்தான். மச்சான் வக்கீலின் கழுத்துப்பட்டையைப் பிடித்தான். கதவு திறந்ததும் பட்டை மட்டும் அவன் கையில் இருந்தது.

வக்கீல் ஒரே தாவில் வாசலுக்குப் போய், இரண்டு முன்னங்கால்களையும் சலவைச் சட்டையில் பதித்தது. தீர்ந்தது கதை என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"மூணு நாளா சத்தமே காணோமே," என்றார் செயலாளர்.

"இனிமே குரைக்காது சார். பழக்கியிருக்கோம்," என்றான் புருஷன்.

"அதை யார் கேட்டா? உடம்பு கிடம்பு சரியில்லையா? சாப்பிடுதா?"

அவர் சட்டைப் பையில் கைவிட்டார். ஆறு நாளாகப் பயிற்சிக்காரம்மா சொல்லியும் உட்காராத வக்கீல், யாரும் சொல்லாமலே அவர் முன்னால் உட்கார்ந்தது.

பையிலிருந்து இரண்டு பிஸ்கட் வெளியே வந்தன.

"அஞ்சு மணியானா கூப்பிடும். இதை வீசிப் போட்டாதான் அடங்கும்," என்றார், சங்கடத்தோடு கனைத்துக்கொண்டு. "நாலு மாசமா இதே தொல்லை எனக்கு."

புருஷன் வாயைத் திறந்தான். அவள் அவன் காலை மிதித்தாள். "காபி சாப்பிடுங்க சார்," என்றாள்.

மறுநாள் சங்கக் கூட்டம் இருபது நிமிடத்தில் முடிந்தது. ஒன்பதாவது பொருள் நேரமின்மை காரணமாக ஒத்திவைக்கப்பட்டதாகச் செயலாளர் குறிப்பேட்டில் எழுதினார்.